காலேஜ் லைட் மியூசிக் ஆடிஷனுக்குப் பாட்டைத் தயார் செய்வது எப்படி

மியூசிக் கிளப்பின் ஆடிஷன் போஸ்டர் வந்த அன்றைக்கே முதல் வருடப் பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி, "என்ன பாட்டு பாடலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எந்தக் கட்டையில், அதாவது எந்த ஸ்கேலில் பாடப் போகிறேன்?" தேர்வு செய்கிற பக்கத்தில் உட்கார்ந்து நிறைய பேரைக் கேட்டிருக்கிறேன். நல்ல குரல் இருந்தும் வாய்ப்பை விட்டவர்களில் பெரும்பாலானோர் தங்களுக்குப் பொருந்தாத ஸ்கேலில் ஆரம்பித்தவர்கள். பல்லவி அழகாகப் போகும், சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் உடையும், அப்புறம் பயத்தில் மீதிப் பாட்டும் கலைந்துவிடும். கேட்கிற எனக்கே மனசு கஷ்டமாகிவிடும், ஏனென்றால் அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ இறக்கியிருந்தால் அதே பிள்ளை டீமில் இருந்திருக்கும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் லைட் மியூசிக் டீம் என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டு, இப்போது கூடவே இண்டி பாட்டு. ஐஐடி மெட்ராஸின் சாரங், திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டம்பர் மாதிரி கல்ச்சுரல்களில் மேடை ஏறப் போகிற டீமுக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்பதை மனதில் வையுங்கள். எதிரே இருப்பவர்கள் சீனியர்கள், ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், சில இடங்களில் கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பேராசிரியர். இடம் ஏதாவது ஒரு கிளாஸ்ரூமோ செமினார் ஹாலோ, மைக் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை, இரண்டு நிமிடம். கூட்டம் அதிகமாக இருந்தால் பல்லவி முடிந்ததும் "போதும்" என்று சொல்லிவிடுவார்கள், அது பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, வெளியே வரிசை நீளம். அவர்கள் தேடுவது சுருதி, தாளம், குரலின் தன்மை, இந்த ஆளோடு சேர்ந்து நாலு பேர் பாட முடியுமா என்பது. எவ்வளவு உச்சத்துக்குப் போகிறீர்கள் என்பது இதற்கெல்லாம் பின்னால் வருகிறது.

சரி, குரலின் எல்லையைக் கண்டுபிடிப்பதில் இருந்து ஆரம்பிக்கலாம். போனில் ஒரு தம்புரா ஆப், ஒரு பியானோ ஆப், இரண்டும் இலவசமாகவே கிடைக்கும். குரல் கொஞ்சம் சூடான பிறகு, காலையில் எழுந்தவுடன் அல்ல (எழுந்தவுடன் குரல் வழக்கத்தைவிடக் கீழே இருக்கும், அந்த அளவை நம்பக் கூடாது), பியானோவில் ஒரு வசதியான ஸ்வரத்தை அழுத்தி 'ஆ' என்று பாடி, ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்குங்கள். சத்தம் காற்றாகிற இடம் உங்கள் அடி எல்லை. அதே மாதிரி மேலே ஏறுங்கள். கழுத்து இறுகுகிற இடத்துக்கு முந்தின ஸ்வரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இன்னும் ஒரு முழு ஸ்வரம் குறைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஆடிஷன் நாளில் நம்பக்கூடிய உச்சம். வீட்டில், குளியலறையில், நண்பர்களோடு எட்டுகிற அந்த மேல் ஸ்வரம் பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகும்போது வராது.

கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்கு: ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. மூன்றரை கிடையாது, ஏனென்றால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. பாட்டு கிளாஸ் போனவர்களுக்குக் கட்டை மட்டும் தெரிந்திருக்கும், கிட்டார் வாசிக்கிற சீனியருக்கு ஆங்கிலப் பெயர் மட்டும் தெரிந்திருக்கும், அதனால் உங்கள் ஸ்கேலை இரண்டு விதமாகவும் சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாட்டின் பக்கம் வாருங்கள். ஒரு பாட்டு பிடித்திருந்தால் அதன் மிக உயர்ந்த ஸ்வரம் எது, மிகத் தாழ்ந்தது எது என்று பியானோ ஆப்பில் தேடி எடுங்கள். நம்முடைய சினிமாப் பாட்டுகளின் அமைப்பில் பல்லவி பெரும்பாலும் நடு ஸ்தாயியில் (ச-வில் இருந்து அடுத்த ச வரை) சுற்றிக்கொண்டிருக்கும், சரணம்தான் மேல் சட்ஜத்தை (மேல் ச) தாண்டி ரிஷபம் (ரி), காந்தாரம் (க) என்று ஏறும். பல்லவியை மட்டும் பாடிப் பார்த்து "எனக்கு இந்த ஸ்கேல் சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சரணத்தின் உச்சத்தை முதலில் பாடிப் பாருங்கள், அது சிரமமில்லாமல் வருகிற ஸ்கேலில் பல்லவியை வையுங்கள். உதாரணமாக ஒன்றரைக் கட்டையில் பாடும் பையனுக்கு மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம் (மேஜர் ஸ்கேலில் வரும் க) எஃப்-இல் விழும். ஒரு கட்டைக்கு இறக்கினால் ஈ. அந்த அரை ஸ்வரத்தில் கத்தலுக்கும் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் அடங்கியிருக்கும் பல குரல்களுக்கு. இறக்கும்போது அடிப்பக்கத்தையும் பாருங்கள், பல்லவியின் தாழ்ந்த ஸ்வரம் முணுமுணுப்பாகப் போனால் மைக் இல்லாத அறையில் அந்த வரி யாருக்கும் கேட்காது. மேலும் சரியில்லை, கீழும் சரியில்லை என்றால் அந்தப் பாட்டு உங்களுக்கு இல்லை, விட்டுவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும்.

ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பாடலாம், பல சமயம் அதுவே நல்ல தேர்வு, ஏனென்றால் கேட்பவர்களுக்கு அது புதுசாக இருக்கும். ஆனால் மூல ஸ்கேலிலேயே பாடக் கூடாது. ஆண் குரலில் ஒன்றரைக் கட்டையில் இருக்கும் பாட்டைப் பெண்கள் நாலரைக்கோ ஐந்தரைக்கோ ஏற்றிப் பாடுவது வழக்கம், அதாவது ஐந்து அல்லது ஏழு செமிடோன் (அரை ஸ்வரம்). இரண்டையும் பாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுக்க நான் எல்லாரிடமும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. தம்புரா மட்டும் ஓடவிட்டு, வேறு எதுவும் இல்லாமல், பாட்டை முதலிலிருந்து பாடுங்கள். நிற்கிறதா? மெட்டும் வார்த்தையும் மட்டுமே கேட்கும்போதும் அது பாட்டாக இருக்கிறதா? இன்றைக்கு ஹிட் ஆகும் பாட்டுகளில் சிலது பீட்டிலும் கோரஸ் அடுக்குகளிலும் குரல் மீது போட்ட எஃபெக்ட்டிலும் உயிர் வாழ்கிறவை. ஸ்பீக்கரில் கேட்கும்போது அருமையாக இருக்கும், கிளாஸ்ரூமில் தனிக் குரலில் பாடினால் இரண்டு ஸ்வரம் மாறி மாறி வருவது மட்டும்தான் மிஞ்சும். அந்த மாதத்தில் ரீல்ஸ் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் பாட்டையும் தவிர்த்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் அதை நிறைய பேர் பாடியிருப்பார்கள், உங்களை அவர்களோடும் மூலப் பாடகரோடும் சேர்த்தே ஒப்பிடுவார்கள். மூச்சு விடாமல் பாடும் சரணம் உள்ள பாட்டும் அப்படித்தான், எல்லா ஆடிஷனிலும் யாராவது பாடுவார்கள், பாதியில் மூச்சு வாங்கினால் அது மட்டும்தான் எல்லாருக்கும் நினைவில் இருக்கும். ஐந்து, பத்து வருடம் பழைய பாட்டு, எல்லாரும் கேட்டது, ஆனால் இந்த வருடம் யாரும் பாடாதது, அந்த இடத்தில் தேடுங்கள்.

ஒரு பாட்டு போதாது. மெயின் பாட்டு ஒன்று, அதற்கு நேர் எதிரான தன்மையில் இன்னொன்று கட்டாயம் வேண்டும். முதலாவது மெதுவான மெலடி என்றால் இரண்டாவது துள்ளலான, வார்த்தைகள் வேகமாக விழும் பாட்டு. முதலாவது நாலு அடிக் கணக்கு என்றால் இரண்டாவது ஆறு-எட்டு (6/8) நடை. "வேற ஏதாவது பாடேன்" என்று சீனியர் கேட்பது நல்ல அறிகுறி, அந்த நேரத்தில் போனை எடுத்து ப்ளேலிஸ்ட்டை உருட்டிக்கொண்டு நிற்காதீர்கள். மூன்றாவதாக இந்தி, மலையாளம், தெலுங்கு, இங்கிலீஷ், எதிலாவது ஒரு பல்லவி கைவசம் இருக்கட்டும், கல்ச்சுரல்களில் பல மொழியும் கலந்து பாடும் டீம்களுக்கு அது உடனே உபயோகமாகும். சொந்தமாக எழுதிய பாட்டு இருந்தால் சந்தோஷமாகக் கொண்டு போங்கள், ஆனால் இரண்டாவதாகப் பாடுங்கள். தெரியாத மெட்டில் சுருதி விலகினால் அது மெட்டா பிசகா என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாது, உங்களை எடை போட முதலில் அவர்களுக்குத் தெரிந்த பாட்டு வேண்டும்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களுக்கு சுருதியும் தாளமும் ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய சொத்து. ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்திலும் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) போட்டால் லைட் மியூசிக் பாட்டு அதன் முகத்தை இழந்துவிடும். சினிமா மெட்டில் நேராக நிற்க வேண்டிய ஸ்வரம் நேராகவே நிற்கட்டும், கீபோர்டில் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பது) போடும்போது உங்கள் காந்தாரம் அசைந்துகொண்டிருந்தால் இரண்டும் உரசும். அசைவு எங்கே வேண்டும் என்று இரண்டு, மூன்று இடம் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் போடுங்கள், அப்போதுதான் அது காதில் விழும். இன்னொரு வசதியும் உங்களுக்கு இருக்கிறது. பாட்டு என்ன ராகத்தின் சாயலில் இருக்கிறது என்று தெரிந்தால் கிட்டாரிஸ்ட்டிடம் அவர் மொழியிலேயே பேசிவிடலாம்: சங்கராபரணம் அவருக்கு மேஜர் ஸ்கேல், நடபைரவி நேச்சுரல் மைனர், கீரவாணி ஹார்மானிக் மைனர், மோகனம் மேஜர் பென்டடானிக், கல்யாணி லிடியன். "கீரவாணி மாதிரி, ஏ மைனர்" என்று சொன்னால் அவர் உடனே வாசிக்க ஆரம்பித்துவிடுவார். பாட்டு கிளாஸே போகாதவர்கள் பயப்பட வேண்டாம், டீம்களில் பாதிப் பேர் அப்படித்தான். உங்கள் கவனம் வேறு இடத்தில் இருக்கட்டும்: ஒரு ஸ்வரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறிப் போய்ச் சேர்வது கேட்டுப் பழகியவர்களிடம் அதிகம் இருக்கும், வரியின் முதல் எழுத்தே சரியான ஸ்வரத்தில் விழுகிறதா என்று பதிவு செய்து கேளுங்கள்.

பாட்டை வெட்டுவதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, எனக்கு அது ரொம்ப முக்கியம். முழுப் பாட்டு நாலரை நிமிடம், உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை. கரோக்கி ட்ராக்கை முதலிலிருந்து ஓடவிட்டால் முன்னிசை ஓடும்போது அரை நிமிடம் சும்மா நிற்பீர்கள், பல்லவி முடிந்ததும் இடையிசைக்கு இன்னொரு அரை நிமிடம், சரணம் வருவதற்குள் "நன்றி" சொல்லிவிடுவார்கள். ஆடாசிட்டி, பேண்ட்லேப் மாதிரி இலவச மென்பொருளில் ட்ராக்கைத் திறந்து, முன்னிசையின் கடைசி நாலு பார் (தாளச் சுற்று), பல்லவி, நேராகச் சரணம், திரும்பப் பல்லவியின் முதல் வரி, முடிவு என்று ஒட்டுங்கள். வெட்டும் இடம் தாளத்தின் சமத்தில், முதல் அடியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டின இடத்தில் தடுக்கும். சில பாட்டுகளில் சரணம்தான் அழகு, பல்லவி சாதாரணம். அப்படியானால் சரணத்திலேயே ஆரம்பியுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முடிவையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் "அவ்வளவுதான்" என்று சொல்லி இழுப்பது நன்றாகப் பாடியதையும் குறைத்துக் காட்டும்.

ட்ராக்கா, கிட்டாரா? கூட வாசிக்க ஒரு நண்பர் இருந்தால் என் ஓட்டு கிட்டாருக்கு. ஸ்கேல் மாற்ற, கிட்டார் கழுத்தில் மாட்டும் கேபோ கிளிப்பை ஒரு ஃப்ரெட் (கட்டம்) மேலே நகர்த்தினால் ஒரு செமிடோன் ஏறும், நீங்கள் தடுமாறினால் அவர் காத்திருப்பார், ட்ராக் காத்திருக்காது. ட்ராக்தான் என்றால் ஆப்பில் ஸ்கேல் மாற்றும்போது இரண்டு, மூன்று செமிடோனுக்கு மேல் போனால் வாத்தியங்களின் சத்தம் செயற்கையாகிவிடும், அதற்கு வெறும் தம்புராவே மேல். ட்ராக்கை போனிலேயே சேமித்து வையுங்கள், நெட் கிடைக்காது, கிடைத்தாலும் நடுவில் விளம்பரம் வரும். போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள், பாடும்போது அம்மா போன் பண்ணினால் ட்ராக் நின்றுவிடும். முதல் சுற்றுக்கு வீடியோ கேட்டால் ப்ளூடூத் இயர்போனில் ட்ராக் கேட்டுக்கொண்டு பாடாதீர்கள், அதில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும், நீங்கள் அந்தத் தாமதத்தோடு பாடுவீர்கள், பிறகு ட்ராக்கோடு சேர்த்தால் முழுப் பாட்டும் தாளத்துக்குப் பின்னால் ஓடும். வயர் இயர்போன் போதும்.

பயிற்சிக்கு வருவோம். பாட்டு வரிகளைக் கையால் எழுதுங்கள், மூச்சு எடுக்கும் இடத்தில் சின்னக் கோடு போடுங்கள். ஒரு சொல்லின் நடுவில் மூச்சு எடுக்கக் கூடாது, பொருள் உடையும். ழ, ள, ல மூன்றும் மூன்றாகக் கேட்க வேண்டும், ர-வும் ற-வும் கூட. மூலத்தைப் பாடியவர் வேறு மொழிக்காரராக இருந்து ஏதாவது எழுத்தைத் தவறாகச் சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து நகல் எடுக்கிறவர்கள் நிறைய, அது வேண்டாம், நமக்குத் தமிழ் தெரியும். யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறைத்தால் ஸ்கேல் மாறாமல் மெதுவாக ஓடும், நுணுக்கமான சங்கதிகளை அதில் பிடியுங்கள். மெட்டு மனதில் பதிந்த பிறகு மூலப் பாட்டைக் கேட்பதைச் சில நாள் நிறுத்திவிடுங்கள். இது கடினம், ஆனாலும் செய்யுங்கள், காதில் அந்தப் பாடகர் இருக்கும்வரை உங்கள் குரல் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கஷ்டமான இடத்தை முதலில் எடுங்கள். சரணத்தின் கடைசி வரி, அப்புறம் அதற்கு முந்தின வரி என்று பின்னாலிருந்து முன்னால் வந்தால், பாட்டு போகப் போக உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். சீரான வேகத்தில் டிக் டிக் என்று தட்டும் மெட்ரோனோம் போட்டு, கையில் தாளம் தட்டி, நின்றுகொண்டே பாடுங்கள், ஆடிஷனில் நின்றுதான் பாட வேண்டும். ஒவ்வொரு முறையும் போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், பாடிய உடனே கேட்டால் காது உண்மையைச் சொல்லாது. பதிவை ஓடவிட்டு மெட்ரோனோமோடு ஒப்பிடும்போது வேகம் கூடுகிறதா என்று பாருங்கள், பதற்றத்தில் எல்லாரும் ஓடுவார்கள். அப்புறம் ஆள் முன்னால் பாடுங்கள்: ஹாஸ்டல் மொட்டை மாடி, மெஸ் மேஜை, சித்தி வீட்டு விசேஷம், எதுவாக இருந்தாலும் சரி. மைக்கில் பழக வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். வலைக் குண்டைக் கையால் மூடிப் பிடித்தால் கீச்சிடும், தண்டைப் பிடியுங்கள், உச்ச ஸ்வரம் வரும்போது வாயிலிருந்து கொஞ்சம் தள்ளுங்கள், தாழ்ந்த ஸ்வரத்தில் நெருங்குங்கள்.

பாடி முடித்ததும் சீனியர்கள் சின்னச் சோதனைகள் வைப்பது உண்டு. கீபோர்டில் நாலைந்து ஸ்வரம் வாசித்து "திருப்பிப் பாடு" என்பார்கள். தினமும் நண்பர் யாரையாவது வாசிக்கச் சொல்லி இதைப் பழகலாம், தனியாக இருந்தால் பியானோ ஆப்பில் கண்ணை மூடி ஏதாவது கட்டையை அழுத்திப் பிடிக்கலாம். ஹார்மனி கேட்டால் அதற்கும் தயாராக இருங்கள்: தெரிந்த பல்லவியின் முதல் வரியை ஒருவர் பாடும்போது நீங்கள் அதற்கு மேலே மூன்றாவது ஸ்வரத்தில், அவர் ச பாடினால் நீங்கள் க, கூடவே பாடுவது. முதலில் காது அவர் பக்கம் இழுக்கும், சில வாரத்தில் நிற்கும். இது வருகிற ஆளை விடவே மாட்டார்கள், ஏனென்றால் லீட் பாட ஆசைப்படுகிறவர்கள் எல்லா வருடமும் வரிசையில் நிற்கிறார்கள், பக்கத்தில் நின்று ஹார்மனி பிடிக்கிறவர்கள் கிடைப்பதில்லை. ஆடிஷனில் லீட் கிடைக்காவிட்டாலும் "கோரஸ், ஹார்மனிக்கு வேண்டுமானால் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆடிஷன் அன்று வரிசையில் நிற்கும்போது மெயின் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக் குரலைத் தீர்த்துவிடாதீர்கள். வாயை மூடி மெதுவாக ஹம்மிங், உதட்டை அதிர விட்டு ஏற்ற இறக்கம், சரளி வரிசை தெரிந்தால் முதல் காலத்தில் ஒரு சுற்று, பத்து நிமிடம் போதும். முந்தின இரவு தூக்கம்தான் முக்கியம், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். ஜலதோஷம் என்றால் அரை ஸ்வரம் இறக்கிய ட்ராக்கும் போனில் இருக்கட்டும்.

உள்ளே போனதும் பெயர், டிபார்ட்மென்ட், அப்புறம் ஒரே வரி: "எஃப் ஷார்ப் மைனர், நாலரைக் கட்டை, பல்லவியும் முதல் சரணமும் பாடுகிறேன்." வாசிக்கிறவர் சுருதி கொடுக்கும்வரை காத்திருங்கள், அதை ஒருமுறை மெதுவாக வாய்க்குள் பிடித்துப் பாருங்கள். அவசரத்தில் தப்பான சுருதியில் ஆரம்பித்துவிட்டால் முதல் வரியிலேயே நிறுத்தி "மறுபடி எடுக்கிறேன்" என்று கேளுங்கள், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். பாதிப் பாட்டுக்குப் பிறகு வரி மறந்தால் மட்டும் நிறுத்தாதீர்கள், அதே மெட்டில் ல-லா போட்டாவது தாளத்தை விடாமல் அடுத்த வரியைப் பிடியுங்கள், மேடையில் டீமோடு பாடும்போதும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். முடித்ததும் வெளியே போகும் முன் ரிசல்ட் எங்கே போடுவார்கள், இரண்டாவது சுற்று உண்டா, அதற்கு வேறு பாட்டு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.